லாத்தாவின் நல்ல வார்த்தை

என் வயிற்றில் பிள்ளை தங்கியிருக்கிறது என்பதை வீட்டுக்கு வெளியே முதலில் கண்டுபிடித்தவர் லாத்தாதான். நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. வாட்ச்மேன் பைப் போட்டுக் கழுவிய தரை ஈரமாக இருந்ததென்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துவந்தேன், அவ்வளவுதான். கீழ்த்தளத்து வீட்டு வாசலில் கொத்தமல்லிக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்த லாத்தா என் காலைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார்.

"இதும் எங்க நிக்கப் போவுது" என்றார். கொத்தமல்லியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

'இதும்' என்றதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முன் எனக்குத் தங்காமல் போனவை உண்டு. செம்பூரில் எங்கள் பில்டிங்கில் அது தெரியாத வீடு கிடையாது. நான் அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பயம்தான் வந்தது. மேலே போய் மாமியாரிடம் சொன்னேன். அவருக்குப் பிள்ளை உண்டான சந்தோஷம் பாதிதான் நிலைத்தது. "அவ வாயிலயா மொதல்ல விழணும்? கருநாக்குக்காரி" என்று சொல்லி உப்பும் மிளகாயும் எடுத்து எனக்குச் சுற்றிப்போட்டார். இனிமேல் அந்த வாசலைத் தாண்டும்போது குனிந்துகொண்டு போ என்று உத்தரவும் போட்டார்.

லாத்தாவுக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். எனக்குத் தெரியாது. மேலப்பாளையத்துக்காரர். கல்யாணமாகித் தாராவிக்கு வந்து, அங்கே கணவர் பாயின் தோல்பைப் பட்டறை நிலைத்த பிறகு செம்பூரில் வீடு வாங்கி வந்தவர்கள். அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள். அதுதான் அவருடைய பெயர் என்று நினைத்துக்கொண்டு மூன்றாம் மாடி மராத்திக்காரர்கள், பெண்களுக்கு அவர்கள் சேர்க்கிற 'பாய்' சேர்த்து, 'லாத்தாபாய்' என்று கூப்பிட்டார்கள். அவரும் திருத்தவில்லை. பெயர் வெளியே தெரியாமல் இருப்பது நல்லது என்று நினைத்திருப்பார்.

அவர் வீட்டுப் பின்பக்கம், சமையலறைக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் கொஞ்சம் மண் இருந்தது. ஒரு கொய்யாமரம். மரத்தடியில் பாய் கட்டிக்கொடுத்த சிமென்ட் தொட்டி, தரையோடு தரையாக. அதில் தங்கமீன்கள், ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கோய் மீன்கள், கொசுப்புழு தின்னட்டும் என்று முனிசிபாலிட்டி ஆட்கள் விட்டுப்போன பொடிமீன்கள். பின்வாசலை ஒட்டி மரக்கூண்டு. அதில் கினிப்பன்றிகள். அந்த வீட்டில் யாரும் அந்தப் பெயரின் பின்பாதியைச் சொல்லமாட்டார்கள், வெறும் 'கினி'தான். என் கணவர் ஒருநாள் மறந்துபோய் முழுப்பெயரையும் சொல்லிவிட்டார். பாய் சிரித்துக்கொண்டே, வேண்டுமானால் முயல் என்று வைத்துக்கொள்ளுங்கள் தம்பி என்றார்.

அந்த பில்டிங் இப்போது இல்லை. ரீடெவலப்மென்ட் என்று இடித்துவிட்டார்கள். நாங்கள் தேவ்நார் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறோம். லாத்தாவும் பாயும் துபாயில் இருக்கும் பிள்ளையோடு போய்விட்டார்கள் என்று கேள்வி. தொட்டி இருந்த இடத்தில் பெரிய குழி தோண்டி வைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் அந்த வழியாகப் போனால் நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

பிள்ளை வயிற்றில் இருந்த அந்த மாதங்களில் டாக்டர் என்னை நடமாடக்கூடாது என்று சொல்லிவிட்டார். எங்கள் முதல் மாடிச் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே லாத்தாவின் தோட்டம். மாமியார் எவ்வளவு தடுத்தாலும் என் கண் அங்கேதான் போகும். பயப்படுகிற இடத்தைத்தான் மனசு திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கிறது.

உயிருள்ள எதையும் நன்றாக இருக்கிறது என்று லாத்தா சொல்லி நான் கேட்டதில்லை. மூன்று கினிகளுக்கும் குப்பை, ஓட்டை, தவிடு என்று பெயர். பெரிய கோய் மீனுக்குப் பெயர் அழுக்கன். காலையில் தொட்டிக்கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "இன்னும் சாவலியா நீங்க?" என்றுதான் ஆரம்பிப்பார். ஆனால் கை வேறு வேலை செய்துகொண்டிருக்கும். குழாய்த் தண்ணீரை நேராகத் தொட்டியில் விடமாட்டார். மருந்து வாடை போகட்டும் என்று டிரம்மில் ஒருநாள் ஆறவைத்துத்தான் ஊற்றுவார். மே மாதப் புழுக்கத்தில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால், சொம்பில் தண்ணீரை மொண்டு தலைக்கு மேலே தூக்கி ஊற்றுவார். தண்ணீரோடு காற்று கலக்கவேண்டுமாம். மத்தியானம் முழுக்க மொண்டு மொண்டு ஊற்றுவார். வாய் மட்டும், "தொலைங்களேன், எனக்குக் கை மிச்சம்" என்றுகொண்டிருக்கும்.

பயந்துபோய்தான் அவர் அவற்றை வளர்த்தார். காகத்துக்குப் பயம், பூனைக்குப் பயம், கொய்யாமரத்தில் வந்து உட்காரும் கொக்குக்குப் பயம். டிராம்பே ஆலைகள் பக்கமிருந்து காற்றில் வாடை வந்தால் ஓடிப்போய் ஈரத்துணியால் கூண்டை மூடுவார். கொசுப்புகை அடிக்கும் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே கினிகளைக் குளியலறைக்குள் வைத்துக் கதவிடுக்கில் துண்டைத் திணிப்பார். எல்லாவற்றையும்விட மனுஷர் கண்ணுக்குத்தான் பயம் அதிகம். வெள்ளையாக இருந்த தவிட்டின் நெற்றியில் தினமும் மைப்பொட்டு வைத்தார். மீனுக்குப் பொட்டு வைக்க முடியாதல்லவா, அதனால் தொட்டிக்கு மேலே கொய்யாக்கிளையில் ஒரு பிய்ந்த செருப்பைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார். இரண்டாம் மாடிப் பிள்ளை ஒன்று, கினி எவ்வளவு குண்டு என்று சொல்லிவிட்டது. அந்தப் பிள்ளையைத் து, து என்று துப்பவைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்பினார்.

இதில் ஒரு கூத்தும் நடந்தது. தவிட்டுக்கு நகம் வெட்டவேண்டும் என்று மிருக டாக்டரிடம் கொண்டுபோயிருக்கிறார். எப்படிச் சாப்பிடுகிறது என்று டாக்டர் கேட்டிருக்கிறார். நன்றாகத் தின்கிறது என்று லாத்தா வாயில் வருமா? "எங்க டாக்டர் திங்குது, ஒண்ணும் திங்கல" என்றிருக்கிறார். ஒரு நாளைக்கு ஒரு கட்டுக் கொத்தமல்லியும் அரைக் குடமிளகாயும் காலி செய்கிற பிராணி அது. டாக்டர் பாவம், நம்பிவிட்டார். பசி எடுக்க ஊசி போட்டு, மருந்தும் எழுதிக்கொடுத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் கூழ் புகட்டச் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்து அதைப் புகட்டவும் பயம், புகட்டாமல் இருக்கவும் பயம். அன்றிலிருந்து டாக்டரிடம் போனால் பாய் கூடப்போவார். லாத்தா சொல்வதை எல்லாம் சொல்லி முடித்தபின், டாக்டர் ஸாப், இதற்கு நேர்மாறாக எழுதிக்கொள்ளுங்கள் என்பாராம்.

கேட்டு நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் என் வயிற்றைப் பார்த்து அவர் சொன்னது ஞாபகம் வந்துவிட்டது.

ஐந்தாம் மாதத்தில் மாமியார் தாராவியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், துணிந்து கீழே இறங்கினேன். லாத்தா பின்வாசலில் உட்கார்ந்து கினிகளுக்குக் கோதுமைத் தவிட்டைத் தண்ணீர் தெளித்துப் பிசைந்துகொண்டிருந்தார். ஏன் எனக்கு அப்படிச் சொன்னீர்கள் என்று நேராகவே கேட்டுவிட்டேன். அவர் தவிட்டைப் பிசைவதை நிறுத்தவில்லை. துபாயில் இருக்கும் பிள்ளைக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர், வீட்டில் பிச்சை என்று பெயர். அவனுக்கு முன்னால் பெற்றதெல்லாம் போய்விட்டதாம். மூத்தது நல்ல நிறமாம், தலை நிறைய முடியாம்.

"பொன்னு கணக்கா இருக்குன்னு பாக்க வந்தவுக எல்லாரும் சொன்னாக. நானும் சொன்னேன், புள்ள" என்றார்.

அந்த 'நானும்' என்ற இடத்தில் கை நின்றது. பிறகு மறுபடி பிசைந்தார். பிச்சை பிறந்ததும் தொப்புள்கொடி காயும் முன்னே தாராவியில் பக்கத்து வீட்டு நாடார் அம்மாளிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, ஒரு படி தவிட்டைக் கொடுத்துத் திருப்பி வாங்கினாராம். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அப்படித்தான் அவன் நிலைத்தான் என்றார். எங்கள் வீட்டிலும் தவிட்டுக்கு வாங்கிய ஒரு சித்தப்பா உண்டு, அதனால் எனக்கு இது புதிதில்லை. பாய் இதையெல்லாம் ஒத்துக்கொள்வதில்லை. மாஷா அல்லாஹ் என்று சொல்லிவிட்டு நல்லதையே பேசலாமே, இந்தத் தவிடும் செருப்பும் மார்க்கத்தில் எங்கே இருக்கிறது என்பார். லாத்தா அதையும் முணுமுணுப்பார், இதையும் விடமாட்டார்.

விஷயம் புரிந்தது. புரிந்தால் பயம் போய்விடும் என்பதெல்லாம் பொய். அது இடம் மாறி உட்கார்ந்துகொண்டது.

அந்த வாரமே அழுக்கனுக்கு வயிறு உப்பி, செதிலெல்லாம் சிலிர்த்துக்கொண்டு நின்றது. லாத்தா அதைத் தனியாக டப்பில் உப்புத்தண்ணீரில் விட்டு வைத்திருந்தார். நாள் முழுக்கத் திட்டு. சோம்பேறி, நடிப்புக்காரன், தின்னி. மேலே ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலையில் திட்டுச் சத்தம் இல்லை. எட்டிப்பார்த்தேன். டப்பின் விளிம்பில் கன்னத்தை வைத்துக்கொண்டு, "ராசால்லா நீ. என்ன அழகு நீ" என்றுகொண்டிருந்தார். நான் அந்தக் குரலை அதற்கு முன் கேட்டதே இல்லை. மீன் சாயங்காலம் மல்லாந்துவிட்டது. கொய்யாமரத்தடியில் புதைத்தார்கள்.

அடுத்தது குப்பை. எல்லாம் பொட்டை என்று சொல்லித்தான் பிச்சை துபாய் போகும் முன் கினிகளை வாங்கிவந்து விட்டுப்போனான். ஓட்டை ஆண் என்று குப்பையின் வயிறு சொன்னது. எனக்கும் அதற்கும் ஒரே காலத்தில் வயிறு பெருத்தது. கீழே ஒருத்தி, மேலே ஒருத்தி என்று என் கணவர் கிண்டல் செய்வார். குப்பைக்கு வயிறு தரையில் தேய்ந்தது. ஃப்ரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் கொத்தமல்லி வருகிறதென்று வீல் வீல் என்று கத்துகிற பிராணி, ஒருநாள் ஃப்ரிட்ஜைத் திறந்தும் கத்தவில்லை. முடியைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தது. கினிகள் வலியை மறைக்கும், மறைக்கமுடியாமல் போனால்தான் நமக்குத் தெரியும் என்று லாத்தா முன்பே சொல்லியிருக்கிறார்.

கூடையில் வைத்து டாக்டரிடம் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபோது நான் படியில் நின்றுகொண்டிருந்தேன். குட்டிகள் பெரிதாகிக் குறுக்கே நிற்கின்றனவாம், அறுத்தாலும் தாங்காது என்று சொல்லிவிட்டாராம். பாய்தான் சொன்னார். லாத்தா கடைசிப் படியில் உட்கார்ந்து மடியில் கூடையை வைத்துத் துணியை விலக்கினார். குப்பைக்குக் கண் திறந்திருந்தது. விலா எழும்பி எழும்பி இறங்கியது.

"என் அழகி. என் செல்லம்லா. உன்னை மாதிரி உண்டா" என்றார்.

நான் கேட்கக்கூடாதுதான். ஏன் லாத்தா இப்போது மட்டும் நல்லதாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

"போறது ஒரு நல்ல வார்த்தை கேட்டுட்டுப் போவட்டுமே" என்றார். சொல்லிவிட்டு என் வயிற்றைப் பார்த்தார். உடனே கூடையை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். சாயங்காலம் பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொல்லும் முன்னே குப்பை போய்விட்டது.

அன்றிலிருந்து என் பயம் தலைகீழாகிவிட்டது. டாக்டர் சொன்னதையும் மீறி, காலையில் எழுந்ததும் ஏதாவது சாக்கு வைத்துக் கீழே போவேன். லாத்தா என்னைப் பார்த்து, "மூஞ்சியப் பாரு, ரத்தமே இல்ல. நீ எங்க பெத்துப் பொழைக்கப் போற" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குக் காப்பி இறங்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என் கணவர் சொன்னார். இருக்கலாம். அவர் வயிற்றிலா பிள்ளை இருந்தது? மாமியாரோ, அந்தக் கருநாக்கிடம் வலியப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டு வருகிறாளே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

வயிறு ஏழாம் மாதத்தைத் தொட்டபோது மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் ஊற்றி, மூன்றாம் நாள் மத்தியானம் தெருவில் முழங்கால் தண்ணீர். லோக்கல் ரயில் நின்றுவிட்டது, என் கணவர் ஆபீஸில் மாட்டிக்கொண்டார். மகள் வீட்டுக்குப் போன மாமியாரால் தாராவியிலிருந்து வரமுடியவில்லை. அடுப்படியில் நின்றுகொண்டிருந்தவள் கால் வழியே வெதுவெதுப்பாக இறங்குவதை உணர்ந்தேன். குனிந்து பார்த்தேன். தண்ணீர் மட்டும் இல்லை, சிவப்பும் இருந்தது.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். லாத்தாவின் வீட்டுக்குள் தண்ணீர் வந்திருந்தது. கூண்டைத் தூக்கிச் சமையல் மேடைமேல் வைத்திருந்தார். பின்பக்கத்தில் எது தொட்டி, எது தரை என்று தெரியவில்லை. லாத்தா இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு மழையில் நின்று, தொட்டியைச் சுற்றிக் கொசுவலையை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு முனையைக் கல்லால் அமுக்கியிருந்தார், மறுமுனை அவர் கையில். வலைக்கு உள்ளே ஆரஞ்சு நிறமாக மீன்கள் முட்டிக்கொண்டிருந்தன. வலைக்கு வெளியே காம்பவுண்டுச் சுவரோரம் சாக்கடை ஓடிக்கொண்டிருந்தது.

"லாத்தா" என்றேன். என் காலைப் பார்த்தார். கையிலிருந்த வலையை விட்டுவிட்டார். அது மழைத்தண்ணீரோடு சுருண்டு போனது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பாய் பட்டறையில் இருந்தார். ஆட்டோ எதுவும் வராது. வாட்ச்மேன் ஓடிப்போய்க் காலிப் பால் டெம்போ ஒன்றை நிறுத்தினான். டிரைவர் பக்கத்தில் லாத்தா, ஓரத்தில் நான். வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஊர்ந்தது. லாத்தா என் கையைத் தன் மடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். நான் காத்திருந்தேன். ரத்தமே இல்லாத மூஞ்சி என்று சொல்வார், நீ எங்கே பிழைக்கப்போகிறாய் என்று சொல்வார் என்று காத்திருந்தேன்.

"ஒனக்கென்ன புள்ள, ராணி கணக்கா இருக்க" என்றார் லாத்தா. "ஒன் புள்ள தங்கமா இருக்கும்."

வலி அப்போது பெரிதாக இல்லை. ஆனால் நான் கத்தினேன். அந்தக் குரலை எனக்குத் தெரியும். டப்பின் விளிம்பில் கன்னத்தை வைத்துக்கொண்டு பேசிய குரல். "திட்டுங்க லாத்தா, எதாவது திட்டுங்க" என்று கெஞ்சினேன். அவர் காதில் விழுந்ததா, தெரியாது. அவர் என் கையை விடவே இல்லை, வாய் அழகி, செல்லம், ராசாத்தி என்று நிற்காமல் சொல்லிக்கொண்டே வந்தது. யூபிக்கார டிரைவருக்குப் பாஷை தெரியாது. ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்து, ஆமாம் மாஜி, எல்லாம் நல்லபடியாக ஆகும் என்று அவனும் இந்தியில் சேர்ந்துகொண்டான். ஆஸ்பத்திரி போய்ச்சேரும்வரை இருவரும் எனக்கு நல்ல வார்த்தை சொன்னார்கள். அவ்வளவு பயத்தை நான் அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை.

வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். பெண். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். மூக்கில் குழாய், காலில் ஒயர், தோல் வழியே நரம்பு தெரிந்தது. நிலைமை ஸ்டெடி என்றார் டாக்டர். நன்றாக இருக்கிறாள் என்றார் என் கணவர். தங்க விக்கிரகம் என்று அழுதார் மாமியார். யார் சொன்னதையும் நான் நம்பவில்லை. லாத்தாவுக்காகக் காத்திருந்தேன். லாத்தா வரவில்லை.

பாய்தான் கஞ்சி கொண்டுவந்தார். தொட்டியில் பொடிமீன்கள்தான் மிச்சம், பெரிதெல்லாம் போய்விட்டன என்றார். லாத்தா ஏன் வரவில்லை என்று கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"புள்ளயப் பாத்ததும் வாயில நல்ல வார்த்தை வந்துட்டா என்ன செய்யன்னு ஒக்காந்திருக்காம்மா. சோறு திங்கல."

வரச்சொல்லுங்கள் என்றேன். எது வாயில் வந்தாலும் சரி, வரச்சொல்லுங்கள் என்றேன். அப்படிச் சொன்னதற்கு அன்று முழுக்க என்னையே நொந்துகொண்டேன். நல்ல வார்த்தை வந்துவிட்டால் நான் என்ன செய்வேன்?

மறுநாள் சாயங்காலம் பார்வை நேரத்தில் லாத்தா வந்தார். உடம்பைப் போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டிக்கு மேலே நர்ஸ் கொடுத்த பச்சை அங்கியைப் போட்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை, நேராகக் கண்ணாடிப் பெட்டியிடம் போனார். சக்கர நாற்காலியில் நான் பக்கத்தில் இருந்தேன். அவர் உதடு அசைந்தது; ஓதினார். ஓதி முடித்த பிறகும் அங்கேயே நின்றார். கண்ணை இடுக்கிக்கொண்டு பிள்ளையின் விலாவையே பார்த்தார், கினிகளைப் பார்ப்பது மாதிரி. விலா ஏறி இறங்கியது. நான் பிள்ளையைப் பார்க்கவில்லை. லாத்தாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வாயைத் திறந்தார்.

"என்னத்தப் பெத்து வச்சிருக்க நீ? காஞ்ச நெத்திலி கணக்கா கெடக்கு. முடியக் காணோம், மூக்கக் காணோம். இதை ஒருத்தன் தூக்குவானா?"

தமிழ் தெரிந்த மலையாள நர்ஸுக்கு முகம் சிவந்துவிட்டது. பெற்ற தாய் முன்னால் பேசுகிற பேச்சா இது, வெளியே போங்கள் என்று லாத்தாவின் தோளைப் பிடித்தார். நான் எட்டி லாத்தாவின் துப்பட்டி முனையைப் பிடித்துக்கொண்டேன். அழுகையில் தையல் போட்ட இடமெல்லாம் வலித்தது.

"விடுங்க சிஸ்டர்" என்றேன். பிறகு லாத்தாவைப் பார்த்துச் சொன்னேன்.

"இன்னும் சொல்லுங்க."